மலையில் வீடு வாங்கும் முன்: பத்திரமும் பட்டாவும் சொல்லாத சங்கதிகள்

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடை சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. சென்னை உயர் நீதிமன்றத்தின் இந்த உத்தரவுகள் சுற்றுலா வாகனங்களைப் பற்றியவை. ஆனால் மலையில் வீடு வாங்க நினைத்திருந்தவர்களையும் அவை குழப்பிவிட்டன. வெளியூர்க்காரர் இனி இங்கே சொத்து வாங்க முடியாதாமே என்று சிலர் கேட்கிறார்கள். பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிறது என்றால் எல்லாம் சரியாகத்தானே இருக்கும் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். இரண்டுமே தவறு. குடும்பங்களைக் கடனில் தள்ளுவது இரண்டாவது தவறு.

முதலாவதற்கான பதில் சுருக்கமானது. இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள் நீலகிரியிலோ கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலோ பட்டா நிலம் வாங்குவதை, வெளியூர்க்காரர் என்ற காரணத்துக்காக மட்டும் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவர்கள் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. வளைகுடாவில் சம்பாதித்து கோத்தகிரியில் ஒரு ஏக்கர் தேயிலை வாங்கிப் போட நினைப்பவர் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இரண்டு தனித்தனிக் கேள்விகள்

எந்த நிலத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகள் உண்டு.

1. இது யாருடையது?
2. இதில் என்ன செய்ய அனுமதி உண்டு?

சமவெளியில் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மலையில் இரண்டாவது கேள்விதான் கனமானது. அதற்குப் பதில் சொல்பவை வனச் சட்டங்கள், மலைப்பகுதிக் கட்டட விதிகள், ஊரின் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), சரிவின் அளவு, நிலச்சரிவு அபாயம் ஆகியவை. கோவையிலோ மதுரையிலோ வீடு வாங்கிப் பழகியவர் அதே பழக்கத்தோடு மலை ஏறும்போதுதான் ஏமாறுகிறார். உள்ளூர்க்காரரும் இதற்கு விலக்கல்ல. எஸ்டேட்டில் ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளி, கையிலிருக்கும் பணிக்கொடையை அவசரமாக இரண்டு சென்ட்டில் போடும்போது யாரும் அவருக்கு இதையெல்லாம் விளக்குவதில்லை.

‘பத்திரம் பதிவாகிவிட்டது, அப்புறம் என்ன?’

சார்பதிவாளர் பதிவது ஆவணத்தை. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்று தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் எழுதிக் கொடுத்தால், அந்தப் பத்திரத்தால் வாங்கியவருக்கும் எதுவும் வந்து சேராது.

அதனால்தான் ஒவ்வொரு ஆவணமும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. மூலப்பத்திரம்: இப்போது விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்ற சங்கிலி. இடையில் ஒரு கண்ணி விடுபட்டாலும் அதை விசாரிக்க வேண்டும்.

2. வில்லங்கச் சான்று: அந்த சர்வே எண்ணில் பதிவான பரிமாற்றங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். பதிவாகாத எதுவும் இதில் வராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை, வாரிசுகளின் கோரிக்கை, வன அறிவிக்கை, கட்டட விதிமீறல் நோட்டீஸ் எதையும் இதில் எதிர்பார்க்க முடியாது. வில்லங்கம் ‘இல்லை’ என்று வந்தாலே சொத்து சுத்தம் என்று நினைப்பது ஆபத்து.

3. பட்டா, சிட்டா: வருவாய்த் துறைக் கணக்கில் நிலவரிக்கு யார் பெயர் இருக்கிறது என்பது. பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் பட்டாவே இல்லாத நிலம் என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

4. அ-பதிவேடு: நிலம் என்ன வகை என்று சொல்வது. புஞ்சையா, புறம்போக்கா, காடா, அரசு நிபந்தனையோடு ஒப்படைத்ததா என்பது இங்கேதான் தெரியும். மலையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். பெரும்பாலோர் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான்.

5. புலப்படம்: எல்லையும் பாதையும். தரகர் காட்டும் ‘12 அடி ரோடு’ புலப்படத்தில் இல்லையென்றால், அது பக்கத்துத் தோட்டக்காரர் இதுவரை தடுக்காமல் விட்ட ஒற்றையடிப் பாதையாக இருக்கலாம்.

கூட்டுப் பட்டாவில் இன்னொரு சிக்கல் உண்டு. நீலகிரியின் ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) பழனி மலைக் கிராமங்களிலும் பூர்விக நிலம் பல தலைமுறைகளாகப் பிரிக்கப்படாமலே கிடக்கும். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்பிலேயே சம உரிமை உண்டு என்பதை 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உறுதி செய்துவிட்டன. கட்டிக் கொடுத்துவிட்ட அக்காவின் கையெழுத்து இல்லாத பத்திரம் பத்து வருடம் கழித்து வழக்காகத் திரும்பி வரலாம். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன், அதுவே கிரயம் மாதிரிதான் என்று யாராவது சொன்னால், 2011-லேயே உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது என்று பதில் சொல்லுங்கள்.

விலைக்கு வந்தாலும் வாங்கக் கூடாத நிலங்கள்

மலைக்கே உரிய சிக்கல் இது. நான்கு வகைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, கூடலூர், பந்தலூர் பகுதியின் ஜன்ம நிலங்கள், அதாவது பரம்பரைப் பெருநிலக்கிழாரின் உடைமையாக இருந்தவை. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த ஏறத்தாழ 80,000 ஏக்கர் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வழி செய்தது 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம். அது 1974 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஜன்மியிடம் (அந்த நில உடைமையாளரிடம்) குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போட்டிருந்த நிலங்களைப் பற்றிப் பேசுவது அதன் 17-ஆம் பிரிவு. ‘செக்ஷன் 17 நிலம்’ என்று கூடலூரில் குழந்தைக்கும் தெரியும். இந்த நிலத்தின் கதி பல பத்தாண்டுகளாக நீதிமன்றங்களில் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இதற்குள் அதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறி இரண்டு, மூன்று தலைமுறை கண்டுவிட்டன. கேரளத்திலிருந்து வந்தவர்களும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களும் அவர்களில் உண்டு. மின் இணைப்புக்குக்கூட அவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அவர்களுக்கு நியாயம் கிடைத்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் புதிதாக வாங்குபவரின் நிலை வேறு. இங்கே விற்கப்படுவது பெரும்பாலும் ‘அனுபவ பாத்தியம்’ மட்டுமே. முத்திரைத்தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பணம் கைமாறும். பதிவு நடக்காது, பட்டா மாறாது, வங்கி கடன் தராது. பக்கத்து ஊரில் சென்ட் விற்கும் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறதே என்று ஆசைப்படுபவர், அந்த விலை ஏன் குறைவு என்பதையும் சேர்த்தே வாங்குகிறார்.

இரண்டாவது, தனியார் காடு. பட்டா தனியார் பெயரிலேயே இருக்கும், நிலவரியும் கட்டியிருப்பார்கள். ஆனால் 1949-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலம் என்றால், மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் அதை விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ முடியாது. அனுமதியில்லாமல் விற்றால் விற்பனையே செல்லாது. வில்லங்கச் சான்று இதைக் காட்டிக் கொடுக்காது. நில வகை குறித்து மாவட்ட வன அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவதுதான் வழி. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் காப்புக்காடாக்க அறிவிக்கை ஆன நிலமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

மூன்றாவது, யானை வழித்தடம். மசினகுடி, பொக்காபுரம், சீகூர் பகுதியில் 2010-இல் தமிழக அரசு அறிவித்த வழித்தடத்தை 2011-இல் உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபர் 14-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. பல விடுதிகளுக்கு சீல் வைக்கப்பட்டது. நாங்கள் பட்டா நிலத்தில்தான் கட்டினோம் என்ற வாதம் அவர்களைக் காப்பாற்றவில்லை. உரிமை வேறு, பயன்பாடு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த மலையில் இல்லை.

நான்காவது, நிபந்தனைப் பட்டா. ஏழைகளுக்கும் பட்டியல் சமூகத்தாருக்கும் பழங்குடியினருக்கும் அரசு ஒப்படைத்த நிலங்களில் யாருக்கு விற்கலாம், எத்தனை ஆண்டுக்குப் பிறகு விற்கலாம் என்ற நிபந்தனைகள் இருக்கும். அதை மீறி வாங்கினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அது அந்த மக்களின் பாதுகாப்புக்காக வைத்த நிபந்தனை என்பதால், சட்டம் எப்படியிருந்தாலும் அதை வாங்க முயல்வது சரியில்லை என்பதே என் கருத்து.

‘வீட்டு வரி கட்டுகிறார்கள், கரண்ட் இருக்கிறது, அப்படியென்றால் அனுமதி இருக்கிறது’

இல்லை. வரி ரசீது, கட்டடம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அது விதிப்படி கட்டப்பட்டது என்பதற்கு அத்தாட்சி, முத்திரையிட்ட வரைபடத்தோடு கூடிய கட்டட அனுமதி மட்டுமே.

மலைப்பகுதியில் அந்த அனுமதிக்கான பாதை நீளமானது. 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமம் என்றால், வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் தேவைப்படும். ‘ஹாகா கிளியரன்ஸ்’ என்று தரகர்கள் சொல்வது இந்தக் குழுமத்தின் அனுமதியைத்தான். இதற்கு மேல், மலைவாசஸ்தலங்களுக்கென்று 1993-இல் தனிக் கட்டட விதிகள் வந்தன. கட்டடத்தின் உயரத்துக்கும் பரப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. ஊராட்சி அல்லது பேரூராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், அதுவே போதும் என்று வில்பட்டியிலோ, பண்ணைக்காட்டிலோ, கேத்தியிலோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தேயிலைத் தோட்டத்தை மனையாகப் பிரித்து விற்பது தனிக் கதை. முழுமைத் திட்டத்தில் விவசாயப் பகுதி என்று குறித்திருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றம் இல்லாமல் அங்கே வீடு எழும்ப முடியாது. செடிகளுக்கு நடுவே கல் நட்டு மனை எண் எழுதிவிட்டால் அது மனைப்பிரிவு ஆகிவிடாது. எட்டு மனைக்கு மேல் அல்லது 500 சதுர மீட்டருக்கு மேல் போகும் திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் இருக்க வேண்டும்.

‘பிறகு அபராதம் கட்டி சரி செய்துகொள்ளலாம்’

இந்த நம்பிக்கைக்குக் காரணம் வரன்முறைத் திட்டங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் விதிகள் கொண்டு வந்தது. மலைப்பகுதிகளுக்குத் தனி நடைமுறை பின்னர் வந்தது. இவை மனைக்கானவை. வரன்முறை ஆன மனையிலும் வீடு கட்ட மேற்சொன்ன அனுமதி முழுக்க வேண்டும்; அனுமதியில்லாமல் எழுந்த மூன்றாவது மாடியை அது காப்பாற்றாது.

கொடைக்கானலில் ஒரு பழைய வழக்கு உண்டு. இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்ற ஓட்டல் ஒன்று ஏழு தளம் வரை எழுந்தது. கூடுதல் தளங்களுக்கு அரசே விதிவிலக்கு ஆணை பிறப்பித்தது. பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடர்ந்தது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1995-இல் உச்ச நீதிமன்றமும் ஓட்டலுக்குக் கை கொடுக்கவில்லை. அரசாணையே தாங்காத இடத்தில், ‘ஆபீஸில் ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்ச்சொல் எத்தனை நாள் தாங்கும்? 2019-இலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் கொடைக்கானலில் விதி மீறிய கட்டடங்களுக்கு சீல் வைக்கப்பட்டது. அவற்றில் குடியிருப்பு என்று அனுமதி வாங்கிவிட்டு விடுதியாக நடத்தியவையும் உண்டு. வீடு வாங்கி ஹோம்ஸ்டேயாக விட்டு அதில் தவணை கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதையும், மேலே சொன்ன இ-பாஸ் வரம்பையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சரிவில் ஐந்து சென்ட் எவ்வளவு?

நில அளவையில் பரப்பு என்பது கிடைமட்ட அளவு. சரிவின் மேல் நாடாவைப் படுக்கவைத்து அளந்தால் அது கூடுதலாகக் காட்டும். 30 டிகிரிச் சரிவில் 50 அடிக்கு 50 அடி என்று நாடா காட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாடாக் கணக்கில் 2,500 சதுர அடி, அதாவது 5.7 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். கிடைமட்டத்தில் ஒரு பக்கம் 43.3 அடிதான். பரப்பு ஏறத்தாழ 2,165 சதுர அடி, ஐந்து சென்ட்டுக்கும் ஒரு துளி கீழே. முக்கால் சென்ட்டுக்கான பணம் காற்றில் போகிறது. அதிலும் மண்ணை வெட்டித் தடுப்புச் சுவர் எழுப்பி, சுற்றிலும் இடம் விட்டால், வீட்டுக்கு மிஞ்சும் சமதளம் இன்னும் குறையும். அரசு சர்வேயரை வைத்து அளந்தே விலை பேசுங்கள்.

அளவைவிடப் பெரிய விஷயம் மண். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல தலைமுறையாக வீடு நிற்கிறது, ஒன்றும் ஆகாது என்பது இங்கே பலவீனமான வாதம். மேலே இருக்கும் சரிவை யாராவது புதிதாக வெட்டியிருந்தால் பழைய வீட்டின் கணக்கும் மாறிவிடும். மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கிழக்குச் சரிவுகளான குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையில். கூடலூர், குந்தா பக்கத்துக்குத் தென்மேற்கில். பார்க்க வேண்டியவை இவை: தடுப்புச் சுவர் நடுவில் புடைத்திருக்கிறதா, அதில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா, இருந்தால் அடைபட்டிருக்கின்றனவா, மரங்கள் அடியில் வளைந்து நிற்கின்றனவா, வீட்டின் தரை நிரப்பிய மண்ணில் நிற்கிறதா, வெட்டிய மண்ணிலா, பழைய ஓடையை மூடி அதன் மேல் கட்டியிருக்கிறார்களா.

தண்ணீரும் அப்படித்தான். போர் போட்டுக்கொள்ளலாம் என்று சமவெளிப் பழக்கத்தில் சொல்வார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆழ்துளைக் கிணறுக்கும் ஜேசிபி போன்ற மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. நின்றிருக்கும் மரத்தை வெட்டவும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். ஊற்றுத் தண்ணீர் யாருடைய நிலத்திலிருந்து வருகிறது, அதற்கு எழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள்.

பணக் கணக்கு

சொன்ன விலைதான் செலவு என்பது இன்னொரு தவறான எண்ணம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 30 லட்சத்துக்கு 2.7 லட்சம். வங்கி பொதுவாக இதைக் கடனில் சேர்க்காது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால், வீட்டு விலையில் 80 சதவீதமே ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பு. 30 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 26,035; மொத்தம் கட்டுவது 62 லட்சத்தைத் தாண்டும். வாடகை கொடுப்பது வீண் என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை.

வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்புக்கு) பத்திரம், மீதிக்கு ரொக்கம் என்ற ஏற்பாடும் இங்கே சகஜம். சொத்து வாங்கலில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது; வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். வாங்குபவருக்கு அதைவிடப் பெரிய நட்டம் வேறு. கிரயம் பிறகு ரத்தானால், பத்திரத்தில் இல்லாத பணத்தைக் கொடுத்ததாக நிரூபிக்க அவரிடம் எதுவும் இருக்காது.

வங்கி கடன் கொடுத்ததே சட்டப்படி சரி என்பதற்கு அடையாளம் என்றும் நம்பக் கூடாது. வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணம் திரும்புமா என்பதை. நிலத்தில் பிரச்சினை வந்தாலும் தவணையைக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

முன்பணம் கொடுக்கும் முன்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். ‘டோக்கன் அட்வான்ஸ்’ என்று கையில் கொடுத்துவிட்டு ஆவணம் பார்க்கத் தொடங்குவதை நிறுத்தி, ஒப்பந்தத்திலேயே இந்த மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

1. நில வகை குறித்து வன அலுவலகமும் வருவாய்த் துறையும் தரும் எழுத்துப்பூர்வப் பதிலுக்கு உட்பட்டே கிரயம் நடக்கும்.
2. கட்டடத்தின் அனுமதி வரைபடத்தையும் உண்மையில் இருக்கும் கட்டடத்தையும் பொறியாளர் ஒப்பிட்டுப் பார்க்க விற்பவர் இடம் தருவார்.
3. இந்த இரண்டில் எதில் குறை வந்தாலும் முன்பணம் முழுவதும், குறிப்பிட்ட நாளுக்குள், வங்கி வழியாகத் திரும்பும்.

இதற்கு இரண்டு மாதம் பிடிக்கலாம். அந்த அவகாசம் தர மாட்டேன், நாளைக்கே வேறு ஆள் வருகிறார் என்று விற்பவர் நெருக்கினால், அந்த வேறு ஆளுக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள்.